இரண்டு எரிபொருளுக்கு ஒரு டர்போ மியாட்டா: எத்தனால் மாற்றத்தின் செய்முறைப் பதிவு

மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகருக்கு அருகில் வசிக்கும் எனக்கு, எத்தனால் 51 முதல் 83 விழுக்காடு வரை கலந்த இ-85 எரிபொருள் வீட்டிலிருந்து சில நிமிடத் தொலைவிலேயே கிடைக்கிறது. மக்காச்சோள வயல்கள் சூழ்ந்த இந்த மாநிலத்தில் அது எளிதில் கிடைப்பதில் வியப்பில்லை. ஆனால் என்னுடைய 1995 மாஸ்டா மியாட்டா என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை நான் ஓட்டுவது வடக்கே இரண்டு மணி நேரத்திற்கும் மேலான பயணத் தொலைவில் உள்ள பிரெய்னர்ட் பந்தயத் தடத்தில். டிரெய்லரில் காரை ஏற்றி, கேன்களில் இ-85 நிரப்பிக்கொண்டு சென்றாலும், பிற்பகலில் அது தீர்ந்துபோனால் வழியில் கிடைக்கும் பெட்ரோலைத்தான் ஊற்றியாக வேண்டும். எத்தனாலுக்கு மட்டும் ட்யூன் செய்யப்பட்ட டர்போ இன்ஜினில் பெட்ரோலை ஊற்றி முழு பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தம்) கொடுத்தால் பிஸ்டன் உருகிவிடக்கூடும். ஆகவே டேங்கில் எது இருந்தாலும், எந்த விகிதத்தில் கலந்திருந்தாலும், இன்ஜின் தானே அறிந்து நடந்துகொள்ள வேண்டும் என்பதே இந்த வேலையின் நோக்கம். கூடுதல் குதிரைத்திறன் எனக்கு இரண்டாம் பட்சமாகவே இருந்தது.

தொடங்கும் முன் சட்டம் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், சாலையில் ஓடும் வண்டியின் சான்றளிக்கப்பட்ட புகை அமைப்பை மாற்றுவதைத் தடை செய்கிறது. மாநிலத்தில் புகைச் சோதனை இல்லை என்பதால் அந்தத் தடை இல்லாமல் போய்விடாது. என் கார் சாலைப் பதிவில் இல்லை. தடத்திற்கும் இன்ஜினின் திறனை அளக்கும் டைனோ நிலையத்திற்கும் டிரெய்லரில்தான் செல்கிறது.

இது 1.8 லிட்டர் இன்ஜின். அமுக்க விகிதம் 9.0. முன்பே காரெட் ஜிடி2560ஆர் டர்போவும் எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் மெகாஸ்கிர்ட் 3 கட்டுப்பாட்டுப் பெட்டியும் பொருத்தி, பெட்ரோலில் 10 பிஎஸ்ஐ பூஸ்ட் அழுத்தத்தில் இரண்டு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். இந்த இன்ஜினின் பலவீனம் பிஸ்டன்களைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள். முறுக்கு விசை 300 நியூட்டன் மீட்டரை நெருங்கும்போது அவை வளையத் தொடங்கும் என்பது மியாட்டாவில் டர்போ பொருத்திய அனைவரும் அறிந்த எல்லை. எத்தனால் எவ்வளவு இடம் கொடுத்தாலும் இந்த எல்லையைத் தாண்டுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு பின்னால் வந்த பல கேள்விகளை எளிதாக்கியது.

எரிபொருளின் அளவிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு மிக அதிகமான எரிபொருளை உள்ளே செலுத்த வேண்டும். இன்ஜினில் சுமார் 255 குதிரைத்திறனை இலக்காக வைத்து, குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு 0.82 பவுண்டு என்று கணக்கிட்டால், எரிபொருளைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்திற்கு 500 சிசிக்கு மேல் தர வேண்டியிருக்கிறது. 80 விழுக்காட்டிற்கு மேல் அவற்றைத் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 630 சிசி என்பது குறைந்தபட்ச அளவு. நான் 1000 சிசி வகையைத் தேர்ந்தெடுத்தேன். பம்ப்பாக எத்தனாலைத் தாங்கும், மணிக்கு 255 லிட்டர் தரும் ஒன்றை டேங்கில் பொருத்தினேன். இதைவிடப் பெரிய பம்ப்பை வாங்கினால் பழைய மெல்லிய ரிட்டர்ன் குழாய் அத்தனை எரிபொருளைத் திருப்பி அனுப்ப முடியாமல் அழுத்தம் ஏறிவிடும். ஆகவே தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவதும் பிழைதான்.

ரப்பர் குழாய்களைப் பொறுத்தவரை எந்தச் சமரசமும் கூடாது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுப் பழைய குழாய்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, இன்ஜின் அறையில் டெஃப்லான் உள்ளுறை கொண்ட குழாய்களைப் போட்டேன். டேங்குக்கு உள்ளே பம்ப்பையும் அதன் தாங்கியையும் இணைக்கும் அந்தச் சிறிய துண்டுக் குழாயைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதாரண எரிபொருள் குழாயின் உட்புறம் மட்டுமே எரிபொருளைத் தாங்கும்படி செய்யப்பட்டது. டேங்கில் மூழ்கிக் கிடக்கும் குழாய்க்கு வெளிப்புறமும் அதைத் தாங்க வேண்டும். அதற்கென்றே 30ஆர்10 என்று குறியிட்ட தனி வகை இருக்கிறது. அரை அடிக்கும் குறைவான அந்தத் துண்டின் விலை அதிகமாகத் தோன்றலாம். ஆனால் அது ஊறிப் பிளந்தால் அழுத்தம் டேங்குக்குள்ளேயே கசிந்துவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது.

எத்தனால் சென்சார், அமெரிக்காவின் இருஎரிபொருள் கார்களில் பல ஆண்டுகளாகப் பயன்படும் அதே வகை. அதன் வழியே செல்லும் எரிபொருளின் மின்கடவாப் பண்பை அளந்து, எத்தனால் இல்லாதபோது 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனாலுக்கு 150 ஹெர்ட்ஸ் என்று அலைவெண்ணாகச் சொல்கிறது. துடிப்பின் அகலம் எரிபொருளின் வெப்பநிலையைத் தருகிறது. நான் அதை ரிட்டர்ன் குழாயில், டர்போவின் வெப்பம் எட்டாத எதிர்ப்பக்கத்தில் பொருத்தினேன். அதன் முனைகள் சொருகி இணைக்கும் வகையைச் சேர்ந்தவை. வழவழப்பான அந்த முனையில் ரப்பர் குழாயைச் செருகி கிளாம்ப் போட்டு இறுக்குவது தீ விபத்துக்கு வழி வகுக்கும். உரிய இணைப்பான்களை வாங்கிப் பொருத்திய பிறகு, இன்ஜினை இயக்காமல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டுப் பத்து நிமிடம் ஒவ்வொரு இணைப்பையும் காகிதத் துணியால் தொட்டுப் பார்த்தேன்.

மின் இணைப்பில் முதல் நாள் ஒரு தடங்கல். பன்னிரண்டு வோல்ட், தரை, சமிக்ஞை என்று மூன்றே கம்பிகள்தாம். ஆனாலும் கணினித் திரையில் அலைவெண் பூஜ்யமாகவே இருந்தது. இந்தச் சென்சார் தானாக மின்னழுத்தத்தை வெளியிடுவதில்லை; சமிக்ஞைக் கம்பியைத் தரையோடு இணைத்து இணைத்து விடுவிக்கிறது. ஆகவே அந்தக் கம்பியை ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்க வேண்டும். ஒரு கிலோ ஓம் மின்தடையைப் பற்றவைத்தவுடன் 60 ஹெர்ட்ஸ் தோன்றியது. டேங்கில் இருந்தது வழக்கமான பெட்ரோல். இங்கு விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால் கலந்தே வருவதால் அந்த எண் சரியானதே. இருந்தாலும் அளவுக்குழாயில் தண்ணீரோடு பெட்ரோலைக் குலுக்கி, எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழ்ப்படலம் உயர்வதை அளந்தும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பின்பு இ-85-க்கும் அதையே செய்தேன்: சென்சார் 78 என்றது, குழாய் 77 என்றது.

அந்த 10 விழுக்காட்டிற்கு நான் உரிய மதிப்புக் கொடுக்காததுதான் அடுத்த பிழைக்குக் காரணம். எவ்வளவு எரிபொருள் செலுத்த வேண்டும் என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும் என்னுடைய பெட்ரோல் அட்டவணை, சென்சாரே இல்லாத காலத்தில் இதே 10 விழுக்காட்டுப் பெட்ரோலில் ட்யூன் செய்யப்பட்டது. இப்போது சென்சாரை இயக்கி, 50 ஹெர்ட்ஸில் 100 விழுக்காடு எரிபொருள், 150 ஹெர்ட்ஸில் 163 விழுக்காடு என்று இட்டேன். 14.7-ஐ 9-ஆல் வகுத்தால் 1.63 வருகிறது; கணக்கு நேர்த்தியாகத் தோன்றியது. இ-85-இல் இன்ஜின் இயங்கியது, ஆனால் ஐட்லிங்கில் லாம்டா (முழு எரிதலுக்குத் தேவையான காற்றோடு ஒப்பிட்டால் உள்ளே செல்லும் காற்றின் விகிதம்; 1-க்குக் கீழ் என்றால் எரிபொருள் மிகை) 0.91, எரிபொருள் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகை. எண்ணைக் குறைத்துவிடலாம் என்றுதான் முதலில் கை சென்றது. நல்லவேளையாக அதற்கு முன் டேங்கை வடித்துப் பழைய பெட்ரோலை ஊற்றிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளாக 1.00-இல் நின்ற லாம்டா இப்போது 0.94-இல் நின்றது. மேல்முனையில் மட்டும் பிழை இருந்தால் பெட்ரோல் அசைந்திருக்கக் கூடாது. அட்டவணைக்குள் ஏற்கெனவே அடங்கியிருந்த 10 விழுக்காட்டு எத்தனாலுக்குச் சென்சார் இரண்டாம் முறையாக 6 விழுக்காடு எரிபொருள் சேர்த்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

163 என்ற எண்ணிலும் ஒரு பிழை உண்டு. அது எடையின் விகிதம்; இன்ஜெக்டரோ சென்சாரோ எடையை அறியாது. எத்தனால் பெட்ரோலைவிடச் சற்று அடர்த்தியானது. அடர்த்தியையும், இன்ஜெக்டரின் ஓட்டம் அடர்த்தியால் மாறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் தூய எத்தனாலுக்கு 158 அல்லது 159 விழுக்காடுதான் வருகிறது. அடிப்படை அட்டவணையை 5 விழுக்காடு குறைத்து, மேல் எண்ணை 156-ஆக வைத்தபோது இரண்டு முனைகளிலும் லாம்டா இலக்கில் நின்றது.

பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று கருதி நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் வேலை இங்குதான் தொடங்குகிறது. ஏனெனில் தடத்தில் என் டேங்கில் இருக்கப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளும் அல்ல, நடுவில் ஏதோ ஒரு கலவை. இரண்டையும் சமமாகக் கலந்து 45 விழுக்காடு வந்தபோது கலவை இரண்டு விழுக்காட்டிற்குச் சற்று மேல் செறிவாக, அதாவது எரிபொருள் மிகையாக, இருந்தது. காரணம் எளிது. எத்தனால் கூடக்கூட ஒரு லிட்டர் எரிபொருளுக்குத் தேவையான காற்று நேர்கோட்டில் குறைகிறது. ஆனால் நமக்கு வேண்டிய பெருக்கல் எண் அதன் தலைகீழ். நேர்கோட்டின் தலைகீழ் நேர்கோடாக இராது. நடுவில் தொய்ந்த வளைவாக இருக்கும். இரண்டு விழுக்காடு செறிவு இன்ஜினுக்கு ஒரு தீங்கும் செய்யாது என்பது உண்மை. ஆனால் ஒருவர் அரை டேங்குக் கலவையில் ட்யூன் செய்து, அங்கு லாம்டாவைச் சரியாக நிறுத்திவிட்டு, பிறகு முழு இ-85 ஊற்றிப் பூஸ்ட் கொடுத்தால், மேல்முனையில் எரிபொருள் நான்கு விழுக்காடு குறைந்து கலவை மெலிந்துபோகும். தீங்கு அங்கே இருக்கிறது.

ஆகவே பெருக்கல் எண்ணைக் கைவிட்டு, மெகாஸ்கிர்ட் 3-இல் உள்ள இரட்டை அட்டவணை முறைக்கு மாறினேன். முதல் அட்டவணை 10 விழுக்காட்டுப் பெட்ரோலுக்கு, இரண்டாவது 80 விழுக்காட்டு எத்தனாலுக்கு. இடையில் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை ஒரு வளைவு சொல்கிறது. அந்த வளைவில் 30 விழுக்காட்டு எத்தனாலுக்கு 23, 45-க்கு 43, 60-க்கு 65 என்று கணக்கிட்ட எண்களை இட்டேன். மூன்று கலவைகளில் சோதித்ததில் எங்கும் ஒரு விழுக்காட்டிற்கு மேல் விலகவில்லை. இந்த வேலை முழுவதிலும் காற்று-எரிபொருள் விகிதத்தை நான் பார்க்கவே இல்லை. லாம்டாவை மட்டுமே பார்த்தேன். புகைக்குழாயில் உள்ள வைட்பேண்ட் சென்சார் உண்மையில் அளப்பது லாம்டாவைத்தான். அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டும் திரை, டேங்கில் எத்தனால் இருக்கும்போது நம்மைக் குழப்ப மட்டுமே உதவும்.

தீப்பொறி நேரத்தை டைனோவில் வைத்துதான் பார்க்க வேண்டும். எத்தனாலின் ஆக்டேன் எண் உயர்வு என்பது பாதிக் கதைதான். மீதி அதன் ஆவியாதல் வெப்பம். ஒரே அளவு காற்றுக்குச் செலுத்தும் எரிபொருளைக் கணக்கில் கொண்டால், எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. டர்போ சூடாக்கிய காற்று சிலிண்டருக்குள்ளேயே குளிர்கிறது. பெட்ரோலில் நிமிடத்திற்கு 4000 சுழற்சியில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 13 டிகிரிக்கும் மேல் முன்னதாகத் தீப்பொறி கொடுத்தால், நாக்கிங் (எரிபொருள் கட்டுமீறி வெடிப்பது) சென்சாரோடு இணைத்த ஹெட்போனில் அந்தச் சரளைக் கல் ஓசை கேட்கத் தொடங்குகிறது. 78 விழுக்காட்டு எத்தனாலில் ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டிக்கொண்டே சென்றேன். ஆறு டிகிரி கூட்டியதோடு முறுக்கு விசை உயர்வது நின்றுவிட்டது. நாக்கிங் ஏழாவது டிகிரியிலும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக மேலே செல்வது வீண். முறுக்கு விசை உயராதபோது கூட்டும் ஒவ்வொரு டிகிரியும் சிலிண்டர் அழுத்தமாக மாறிக் கனெக்டிங் ராடுகளின் மேல்தான் இறங்கும். அந்த ஆறோடு நிறுத்தினேன்.

பூஸ்ட்டிலும் அதே கட்டுப்பாடு. எத்தனாலில் 13 பிஎஸ்ஐ வரை அனுமதித்தேன், ஆனால் 5000 சுழற்சிக்கு மேல் மட்டும். அதற்குக் கீழே, முறுக்கு விசை உச்சத்தில் இருக்கும் இடத்தில், இரண்டு எரிபொருளுக்கும் ஒரே 10 பிஎஸ்ஐதான். சக்கரங்களில் பெட்ரோலில் 193 குதிரைத்திறன், எத்தனாலில் 226. முறுக்கு விசை 262-இலிருந்து 287 நியூட்டன் மீட்டர். இதைவிட அதிகம் எடுக்க முடியும் என்று டைனோ இயக்குநர் சொன்னார். முடியும் என்பது எனக்கும் தெரியும்.

அதே டைனோவில்தான் இந்த வேலையின் மிக மோசமான பத்து நிமிடங்களும் கழிந்தன. எத்தனாலில் இரண்டாவது டேங்கு ஓடிக்கொண்டிருந்தபோது, 6000 சுழற்சிக்கு மேல் லாம்டா 0.82-இலிருந்து 0.88-க்கு ஏறியது. அட்டவணையில் அந்த இடத்தில் எண்ணைக் கூட்டலாம் என்ற யோசனை வந்தது. காலையில் சரியாக இருந்த எண் மாலையில் தவறாக முடியாது என்று சொல்லிக்கொண்டு அழுத்தப் பதிவைத் திறந்தேன். அடிப்படை அழுத்தம் 43 பிஎஸ்ஐ, பூஸ்ட் 13. இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் ரெயிலில் 56 இருக்க வேண்டும். உயர் சுழற்சியில் அது 49-க்கு இறங்கிக்கொண்டிருந்தது. பம்ப்பின் மின்னழுத்தம் சரியாக இருந்தது. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது தேநீர் நிறத்தில் கலங்கிய எரிபொருளும் மெல்லிய பழுப்புத் துகள்களும் கொட்டின. முப்பது ஆண்டுகளாக டேங்கின் சுவரில் படிந்திருந்த கறையை எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரில் சேர்த்துவிட்டது. புது ஃபில்டர் போட்டதும் அழுத்தம் 56-இல் நின்றது. எரிபொருள் அழுத்தத்தைப் பதிவு செய்யும் சென்சார் மட்டும் இல்லாதிருந்தால், அந்தக் குறையை அட்டவணையில் ஒட்டுப் போட்டு மறைத்திருப்பேன். அடுத்த ஃபில்டர் மாற்றத்தில் எல்லாம் தலைகீழாகியிருக்கும். பழைய காரில் இந்த மாற்றத்தைச் செய்பவர்கள் முதல் டேங்கு முடிந்ததும் ஒரு ஃபில்டர், மூன்றாவது டேங்கு முடிந்ததும் இன்னொன்று என்று மாற்றிவிடுவது நல்லது.

சென்சார் பழுதடைந்தால் என்ன ஆகும் என்பதை நீண்ட நேரம் யோசித்தேன். பெட்ரோல் என்று எடுத்துக்கொள்வதா, எத்தனால் என்று எடுத்துக்கொள்வதா? இரண்டுமே தவறு. டேங்கில் எத்தனால் இருக்க, பெட்ரோல் என்று எண்ணி எரிபொருளைக் குறைத்தால் கலவை ஆபத்தாக மெலியும். பெட்ரோல் இருக்க, எத்தனால் என்று எண்ணித் தீப்பொறியை முன்னே தள்ளினால் நாக்கிங். ஆகவே எரிபொருளுக்கு ஒரு திசையும் தீப்பொறிக்கும் பூஸ்ட்டுக்கும் எதிர்த்திசையும் வேண்டும். அலைவெண் 45-க்குக் கீழோ 155-க்கு மேலோ சென்றால் எரிபொருள் எத்தனால் அட்டவணைக்கும், தீப்பொறியும் பூஸ்ட்டும் பெட்ரோல் அட்டவணைக்கும் செல்லுமாறு அமைத்து, டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கையும் இணைத்தேன். பெட்ரோல் டேங்கோடு சென்சார் கம்பியைப் பிடுங்கிச் சோதித்தபோது இன்ஜின் கறுப்புப் புகை கக்கித் தடுமாறியது. தடுமாறும் இன்ஜினைத் தடத்தின் ஓரத்திற்குக் கொண்டுவந்துவிடலாம்.

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்வது பொறுமையைச் சோதித்தது. பெட்ரோலில் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் கூறுகள் பல உண்டு. எத்தனாலோ 78 டிகிரியில் கொதிக்கும் ஒற்றைப் பொருள். 4 டிகிரி செல்சியஸில் சிலிண்டருக்குள் ஆவியாகி எரிவது பெரும்பாலும் கலந்திருக்கும் அந்தச் சிறு பங்குப் பெட்ரோல்தான். ஆகவே அந்தச் சிறு பங்கு போதுமான அளவு உள்ளே சேர, பெட்ரோலுக்குக் கொடுப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எரிபொருளை ஸ்டார்ட்டிங்கின்போது செலுத்த வேண்டியிருந்தது. இந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு நாளைக்கு ஒரே ஒரு முயற்சிதான் கிடைக்கும். ஒருமுறை சூடான இன்ஜின் மறுநாள் காலையில்தான் மீண்டும் முழுமையாகக் குளிரும். செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் நடு வரை ஒவ்வொரு காலையும் அலுவலகம் செல்லும் முன் கராஜுக்குச் சென்று, ஒரு எண்ணை மாற்றி, ஒருமுறை சாவியைத் திருப்பி, நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். இரண்டு முறை ஸ்பார்க் பிளக்குகள் நனைந்து அவற்றைக் கழற்றி உலர்த்த வேண்டியிருந்தது. இதற்கிடையே நிலையத்தில் விற்ற இ-85-உம் குளிர்காலக் கலவைக்கு மாறிவிட்டது. சென்சார் 78-க்குப் பதில் 71 காட்டியது. ஸ்டார்ட்டிங் எண்களையும் எத்தனால் சதவீதத்தோடு பிணைத்து வைத்திருந்ததால் அது தொல்லை தரவில்லை.

பெட்ரோல் ஊற்றிய உடனே சென்சார் புதிய கலவையைக் காட்டிவிடாது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய எரிபொருள் குழாய்களிலும் ரெயிலிலும் தங்கியிருக்கும். என் காரில் ஐட்லிங்கில் இரண்டு நிமிடம் ஓடினால் எண் மாறி நிலைபெறுகிறது. அந்த இரண்டு நிமிடமும் நான் பிட்டை (தடத்தின் ஓரம் கார் நிற்கும் இடம்) விட்டு நகர்வதில்லை.

அக்டோபரில் தடம் மூடுவதற்கு முந்தைய கடைசி நாளில் இதையெல்லாம் சேர்த்துச் சோதிக்க முடிந்தது. 71 விழுக்காட்டு எத்தனாலில் காலை இரண்டு சுற்று வரிசைகள் ஓடிய பிறகு, டேங்கில் மீதமிருந்த ஏறத்தாழ 16 லிட்டரோடு அதே அளவு 91 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினேன். இரண்டு நிமிடத்தில் சென்சார் 41-இல் நின்றது. பிற்பகல் முழுவதும் பூஸ்ட்டில் லாம்டா இலக்கு 0.81, பதிவில் இருந்தது 0.80 முதல் 0.82 வரை, ஹெட்போனில் ஓசை எதுவும் இல்லை. டைனோவில் நாக்கிங்கைச் சோதித்தவை 10, 45, 78 ஆகிய மூன்று கலவைகள் மட்டுமே. 45-இல் ஐந்து டிகிரி வரை கூட்ட முடிந்தது என்பதால் பயனின் பெரும்பகுதி முதல் பாதியிலேயே வந்துவிடுகிறது என்று தெரிகிறது. ஆனால் 15-க்கும் 40-க்கும் இடையே அது எப்படி ஏறுகிறது என்பதை நானே அளக்கவில்லை. ஆகவே அந்த இடைவெளியில் தீப்பொறி நேரத்தைப் பெட்ரோல் அளவிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்போது டேங்கை வடித்து, பெட்ரோல் ஊற்றி, சென்சார் 12 காட்டும் வரை ஓட்டி, எண்ணெயையும் மாற்றி, காரைக் குளிர்காலத்திற்கு மூடி வைத்துவிட்டேன். மே மாதத்தில் டைனோவிற்கு 20, 30 என்று இரண்டு கலவைகளைக் கேன்களில் அளந்து எடுத்துச் செல்ல வேண்டும்.